வானொலிக்கு யார் படியளப்பது?

1924 ஜூலை 31 அன்று சென்னையில் ஒரு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. அதை நடத்தியது அரசும் இல்லை, வியாபார நிறுவனமும் இல்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி ஆர்வலர்களைச் சேர்த்து அந்த ஆண்டு மே மாதம் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம்தான் நடத்தியது. கழகத்தின் கையில் இருந்தது 40 வாட் ஒலிபரப்பி ஒன்று. அதைக் கொண்டு பாட்டும் உரையும் வழங்கினார்கள். மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். 1927இல் பணம் தீர்ந்து கழகம் மூடப்பட்டது.

ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மாலையில் இசை நிகழ்ச்சி, பள்ளி நாட்களில் பிள்ளைகளுக்குக் கதையும் இசைப் பாடமும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இசைத்தட்டு என்று நிகழ்ச்சிகள் அமைந்தன. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்பதற்காக மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை, எட்டு ஆண்டுகள், நகரத்தார் பணத்தில் நகரத்துக்கென்று ஒரு வானொலி நடந்தது.

தனித்து நிற்கும் வானொலிக்கு நேயர்களின் அன்பு மட்டும் போதாது, பொதுப்பணம் வேண்டும் என்பதை அந்த எட்டு ஆண்டுகள் காட்டின. பொதுப்பணம் எந்த வழியாக வருகிறது, அந்த வழியை அடைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் பெரிதாயின. நூறு ஆண்டு கழித்தும் உலகின் பல நாடுகள் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தியா அவற்றுக்கு இன்னும் சரியான விடை காணவில்லை.

உரிமப் புத்தகமும் அஞ்சல் தலையும்

சென்னைக் கழகம் மூடப்பட்ட அதே 1927இல், ஜூலை 23 அன்று, பம்பாயில் இந்திய ஒலிபரப்பு நிறுவனம் தன் நிலையத்தைத் திறந்தது. அடுத்த மாதம் கல்கத்தாவிலும் திறந்தது. இது தனியார் நிறுவனம். வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அதில் 8 ரூபாய் நிறுவனத்துக்குப் போகும். ஏற்பாடு காகிதத்தில் நன்றாகவே இருந்தது. ஆனால் 1929 முடியும்போதும் நாடு முழுவதும் இருந்த உரிமங்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. 1930 மார்ச்சில் நிறுவனம் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் அரசு நிலையங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1936இல் அதற்கு அகில இந்திய வானொலி என்று பெயர் வந்தது.

உரிமக் கட்டணம் மட்டும் தொடர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அந்தச் சிறிய உரிமப் புத்தகம் இன்னும் நினைவிருக்கும். ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குப் போய் 15 ரூபாய் கட்டி, அதற்கென அச்சிட்ட தலையை ஒட்டி, முத்திரை குத்தி வாங்கிவர வேண்டும். 1985இல் இந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. வசூலிக்கும் அலைச்சலை நினைத்தால் அதில் நியாயம் இருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது ஒரு நிம்மதியும்கூட. ஆனாலும் ஓர் உறவு அன்றோடு அறுந்தது. ‘நான் பணம் கட்டுகிறேன், எனக்குப் பதில் சொல்’ என்று வானொலியிடம் கேட்க நேயருக்கு இருந்த ஒரே பிடி அதுதான். அதற்குப் பின் வானொலியின் வரவு, அரசின் வரவுசெலவுத் திட்டமும் விளம்பரமும்தான்.

அரசை மட்டும் நம்பி நிற்கும் ஒலிபரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நெருக்கடிநிலைக் காலம் (1975–77) ஏற்கெனவே காட்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் அமைந்த குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் தன்னாட்சியுள்ள ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கச் சொல்லி 1978இல் அறிக்கை தந்தது. அறிக்கை சட்டமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதிச் சட்டம் நடைமுறைக்கு வர இன்னும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1997 நவம்பரில் பிரசார் பாரதிக் கழகம் பிறந்தது.

பிறந்த குழந்தைக்குத் தன்னாட்சி என்று பெயர் வைத்தார்கள், சொத்து எழுதிவைக்கவில்லை. பணியில் இருந்த அரசு ஊழியர்களின் சம்பளத்தை இன்றும் மத்திய அரசின் மானியமே சுமக்கிறது. கருவிகளை நவீனமாக்க 2023 ஜனவரியில் அமைச்சரவை ஒதுக்கிய 2,539.61 கோடி ரூபாயும் அரசுத் திட்டத்தின் வழியே வந்ததுதான். தொகை பெரியது, தேவையானதும்கூட. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு என்பதை முடிவு செய்வது, அந்த வானொலி யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்களே. ஒரு குறிப்பிட்ட விஷயத்தை ஒலிபரப்பவோ ஒலிபரப்பாமல் இருக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தையும் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு மத்திய அரசிடம் விட்டுவைத்திருக்கிறது.

எட்ட நிற்கும் கை

பிற நாடுகள் இந்த முடிச்சை வெவ்வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தன. பிரிட்டனில் பி.பி.சி.க்கு வீட்டார் கட்டும் உரிமக் கட்டணம்தான் முதுகெலும்பு. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு. பணம் நேரே மக்களிடமிருந்து வந்தாலும் கட்டணம் எவ்வளவு என்பதை அரசு முடிவு செய்கிறது. 2010இல் அரசு அந்தக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்திவைத்தது. அதுவரை வெளியுறவுத் துறை கொடுத்துவந்த உலக சேவைச் செலவையும் பி.பி.சி.யின் தலையிலேயே சுமத்தியது. 2014 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

உலக சேவையின் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தமிழர்களுக்குத் தொலைவான சங்கதி இல்லை. 1941இல் தொடங்கிய தமிழோசை அந்தச் சேவையின் பிள்ளை. இலங்கைப் போரின் ஆண்டுகளில் இரண்டு தரப்பின் அறிவிப்புகளையும் நம்பத் தயங்கிய குடும்பங்கள் சிற்றலையில் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டன. 2017 ஏப்ரல் 30 அன்று அதன் வானொலி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கு லண்டனில் வாக்கும் இல்லை, தங்கள் வானொலியின் தலைவிதியில் ஒரு சொல்லும் இல்லை.

ஜெர்மனி இன்னும் கவனமாக வேலி கட்டியது. ஹிட்லர் காலத்தில் வானொலி எப்படி ஆட்சியின் ஊதுகுழலானது என்பதைக் கண்ட நாடு அது. 1961இல் பிரதமர் அடனாவர் மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சி தொடங்க முயன்றபோது அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது. ஒலிபரப்பாளர்களுக்கு எவ்வளவு பணம் தேவை என்பதை அங்கே ஒரு தனி நிபுணர் ஆணையம் கணக்கிடுகிறது. மாநிலங்கள் அதை ஏற்றுச் சட்டமாக்க வேண்டும். மாதம் 17.50 யூரோவாக இருந்த வீட்டுக் கட்டணத்தை 18.36 ஆக உயர்த்த ஆணையம் பரிந்துரைத்தபோது சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரே மாநிலம் முட்டுக்கட்டை போட்டது. 2021இல் நீதிமன்றம் தலையிட்டு உயர்வை அமல்படுத்தியது. 86 சென்ட் உயர்வுக்காக நாட்டின் உச்ச நீதிபீடம் உட்கார்ந்தது. அரசியல்வாதிகளுக்கு ஒலிபரப்பு பிடிக்காமல் போகும் நாளில்தான் அதன் பணத்துக்குக் காவல் வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கா: கட்டிய அணையும் உடைந்த நாளும்

அமெரிக்காவின் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நாள் 1967 நவம்பர் 7. மசோதா முதலில் தொலைக்காட்சிக்கு மட்டும் எழுதப்பட்டது. கல்வி வானொலிக்காரர்கள் விடாமல் வாதாடி, கடைசி நேரத்தில் ‘வானொலியும்’ என்ற சொல்லை நுழைத்தார்கள். மசோதா நகலில் அந்தச் சொற்களை ஒட்டுநாடா கொண்டு ஒட்டினார்கள் என்பது அமெரிக்க வானொலி வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி. அந்த ஒட்டுப்போட்ட சொல்லிலிருந்துதான் தேசியப் பொது வானொலியும் நூற்றுக்கணக்கான ஊர் நிலையங்களும் வளர்ந்தன.

அந்தச் சட்டத்துக்கு முன்னோடியான கார்னகி ஆணையம் ஒரு முக்கியமான யோசனை சொன்னது. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு ஒரு தனி வரி விதித்து, அந்த வரியை நேரே ஒரு நிதியத்தில் போட வேண்டும். ஆண்டுதோறும் அரசிடம் கையேந்தும் நிலை வரக் கூடாது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுநிதியிலிருந்து ஒதுக்கீடு, அதைப் பங்கிட்டுத் தர ஒரு தனிக் கழகம் என்பதோடு நின்றது.

அந்த விட்டுக்கொடுப்பின் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1969இல் நிக்சன் அரசு 2 கோடி டாலரைப் பாதியாக வெட்ட நினைத்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ் செனட் துணைக்குழுவின் முன் அமர்ந்து, பிள்ளைகளின் கோபத்தையும் பயத்தையும் பற்றி அமைதியாகப் பேசினார். குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர் மனமிரங்கினார்; தொகை பிழைத்தது. 1972இல் வேறொரு நிதி மசோதாவை நிக்சன் தடுத்தே விட்டார். இதைக் கண்ட நாடாளுமன்றம் 1975இல் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பியது. கழகத்துக்கான தொகையை இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடானது. இன்று ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்பதற்காக நாளைய சம்பளத்தில் கைவைக்க முடியாது.

சுவர் ஐம்பது ஆண்டுகள் நின்றது. 2025 ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கிய இரண்டு ஆண்டுத் தொகையை, ஏறத்தாழ 110 கோடி டாலரை, திரும்பப் பெறும் மசோதா வந்தது. செனட்டில் 51–48, கீழவையில் 216–213. ஜூலை 24 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 1 அன்று பங்கீட்டுக் கழகம் தன் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. ஒரு குடிமகனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.60 டாலர் என்ற கணக்கில் நடந்துவந்த ஏற்பாடு அதோடு முடிந்தது.

தேசியப் பொது வானொலி ஒருசார்பானது என்பதுதான் வெட்டியவர்கள் சொன்ன காரணம். ஆனால் அந்த அமைப்பின் வருவாயில் மத்திய அரசிடமிருந்து நேரே வந்தது ஒரு சதவீத அளவே. கழகத்தின் பணத்தில் பெரும்பங்கு போனது ஊர் நிலையங்களுக்கு. அலாஸ்காவின் பெத்தல் என்ற சிற்றூரில் 1971 முதல் இயங்கும் கே.ஒய்.யு.கே. நிலையம், ஆங்கிலத்தோடு யூபிக் பழங்குடி மக்களின் மொழியிலும் ஒலிபரப்புகிறது. அதன் வருவாயில் சுமார் 70 சதவீதம் கழகத்திடமிருந்து வந்தது. வாஷிங்டனில் யாரையோ தண்டிக்க ஓங்கிய கை இங்கேதான் விழுந்தது.

ஜூலை 16 அன்று, செனட்டில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, அலாஸ்காவின் சாண்ட் பாயின்ட் அருகே கடலில் 7.3 அளவில் நிலம் அதிர்ந்தது. சுனாமி எச்சரிக்கை வந்தது. கரையோர ஊர்களின் பொது வானொலிகள் மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லி அறிவித்தன. அலாஸ்காவின் செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி ஆளுங்கட்சிக்காரர். அவர் இதைச் சுட்டிக்காட்டி, வெட்டுக்கு எதிராகவே வாக்களித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹாலோங் புயலின் எச்சம் மேற்கு அலாஸ்காவைச் சூறையாடி, கிப்னுக், க்விகில்லிங்கொக் கிராமத்தார் விமானங்களில் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் மொழியில் பேச இருந்தது நிதி இழந்த அந்த பெத்தல் நிலையம்தான்.

வெட்டு வந்ததும் நேயர்கள் நன்கொடையை அள்ளிக் கொடுத்தார்கள், அறக்கட்டளைகளும் கைகொடுத்தன. ஆனால் நன்கொடை பணம் உள்ள ஊரில்தான் சேரும். பாஸ்டன், நியூயார்க் நிலையங்கள் தாங்கிக்கொள்ளும். சில ஆயிரம் பேர் வாழும், சாலைகூட எட்டாத ஊருக்குப் பொதுப்பணம் இல்லாமல் வானொலி இல்லை.

பாம்பனும் மச்னூரும்

இந்தியாவில் அந்த ஊர் வானொலிகளுக்கு இணையானவை சமுதாய வானொலிகள். அவற்றுக்கு வாசல் திறந்தது 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கு அது. வான அலைகள் பொதுச்சொத்து. அவை அரசின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது, காசு உள்ளவர்களின் ஏகபோகமாகவும் ஆகக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்து ஏழு ஆண்டு கழித்துக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, அதுதான் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. தொண்டு அமைப்புகளுக்கு 2006இல்தான் கதவு திறந்தது. அன்றைய மேடக் மாவட்டத்தில் மச்னூர் கிராமத்துத் தலித் பெண்கள் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே யுனெஸ்கோ உதவியோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்திருந்தார்கள். உரிமம் இல்லாததால் நாடாக்களில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்றுதான் அவர்களுடைய சங்கம் ரேடியோ வானில் ஏறியது. விதை, தானியம், பெண்களின் உடல்நலம், தங்கள் பாட்டுகள் என்று தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசினார்கள்.

தமிழ்நாட்டில் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் கடல் ஓசை, மீனவர்களுக்காக மீனவர் சமூகமே நடத்தும் நிலையம். மாறிவரும் காற்று, குறைந்துவரும் மீன், கடலை அழிக்காமல் பிழைக்கும் வழி ஆகியவற்றைக் கடலில் போய்வருபவர்களே பேசுகிறார்கள். பெரிய நிலையம் எதற்கும் இந்தப் பேச்சுக்கு நேரம் இராது.

நாட்டில் இப்படி ஏறத்தாழ ஐந்நூறு நிலையங்கள் உள்ளன. பொதுவாக 100 வாட்டுக்கு மேல் திறன் கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரைதான் எட்டும். கருவி வாங்கும் செலவில் ஒரு பங்கை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. கருவி வந்த மறுநாளிலிருந்து சம்பளம், மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் நிலையத்தின் பாடு. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை அனுமதி உண்டு. ஆனால் பத்து கிராமங்களில் கேட்கும் வானொலிக்கு விளம்பரம் தர எந்தப் பெரிய நிறுவனம் வரும்? மிஞ்சுவது அரசு விளம்பரம். 2024 பிப்ரவரியில் அதன் கட்டணம் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. நிமிடத்துக்கு 444 ரூபாய். நாள்தோறும் மூன்று நிமிடம் தவறாமல் கிடைத்தாலும் மாதம் நாற்பதாயிரம் ரூபாய்தான் தேறும். அதில் ஓர் அறிவிப்பாளர், ஒரு தொழில்நுட்பர், மின்கட்டணம் மூன்றையும் சமாளிக்க வேண்டும். விளம்பரம் நாள்தோறும் கிடைப்பதும் இல்லை. கொடுப்பதும் கொடுக்காததும் அரசின் விருப்பம்.

எவ்வளவு எளிதாக இந்த நிலையங்களின் மூச்சை நிறுத்திவிட முடியும் என்பது 2012இல் தெரிந்தது. ஆண்டுக்கு 19,700 ரூபாயாக இருந்த அலைவரிசைக் கட்டணத்தை ஒரேயடியாக 91,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நிலையங்கள் ஒன்றுகூடி எதிர்த்த பிறகே உயர்வு கைவிடப்பட்டது.

பணத்தோடு இன்னொரு பூட்டும் உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். ஊராட்சியில் நடந்த முறைகேட்டை ஊர் வானொலி செய்தியாகச் சொல்ல வழியில்லை. அதே செய்தியைத் தொலைக்காட்சியும் யூடியூபும் தடையின்றிச் சொல்கின்றன.

செய்யக்கூடியது

கைப்பேசி யுகத்தில் இதற்கெல்லாம் எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் 2018 நவம்பரை நினைத்துப் பார்க்கலாம். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் டெல்டாவில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. இரண்டு பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டியைப் போல அந்த நேரத்தில் உதவும் சாதனம் வேறில்லை. ஆனால் அதில் பேச ஒரு நிலையம் உயிரோடு இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு நிலையம் கட்ட முடியாது.

வழிகள் ஏற்கெனவே வேறு நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. பிரான்ஸ் 1982இல் சிறு வானொலிகளுக்கென ஒரு நிதியம் அமைத்தது. மொத்த வருவாயில் 20 சதவீதத்துக்குள் மட்டுமே விளம்பரத்தால் ஈட்டும் நிலையங்களுக்கு அது மானியம் தருகிறது. எழுநூறுக்கும் மேற்பட்ட சங்க வானொலிகள் அதனால் வாழ்கின்றன. தொடக்கத்தில் அந்தப் பணம் பெரிய வானொலி, தொலைக்காட்சிகளின் விளம்பர வருவாய் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. 2009இல் அதை அரசின் பொது வரவுசெலவுத் திட்டத்துக்கு மாற்றினார்கள். 2025ஆம் ஆண்டுக்கான திட்டத்தில் அரசு அதில் வெட்டு போட முன்வந்ததும், எதிர்ப்பு எழுந்தபின் தொகையை மீட்டதும் அந்த மாற்றத்தின் பின்விளைவுகள். ஆஸ்திரேலியாவில் மத்திய அரசு தரும் பணத்தை 1984 முதல் சமுதாய ஒலிபரப்பு அறக்கட்டளை என்ற தனி அமைப்பு பிரித்துத் தருகிறது. எந்த நிலையத்துக்கு எவ்வளவு என்பதில் அமைச்சருக்கு வேலையில்லை.

இந்தியாவிலும் இதற்கான பணம் கையருகே இருக்கிறது. தனியார் பண்பலை நிலையங்கள் மொத்த வருவாயில் 4 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்ட உரிமக் கட்டணத்தை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்துகின்றன. பொதுச்சொத்தான அலையை வைத்து ஈட்டிய பணத்தின் ஒரு பங்கு, அதே அலையில் இலாபமின்றிப் பேசும் ஊர் வானொலிகளுக்குச் சேர்வதில் தவறொன்றும் இல்லை. அந்தப் பங்கைச் சட்டத்தின் மூலம் ஒரு தனி நிதியத்தில் சேர்க்க வேண்டும். ஒதுக்கீடு குறைந்தது மூன்று ஆண்டுக்கு முன்கூட்டியே உறுதியாக வேண்டும். பிரித்துத் தரும் குழுவில் நிலையம் நடத்துபவர்களும் நேயர்களும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அமைச்சகத்துக்குக் கணக்கு கேட்கும் உரிமை மட்டும் போதும். கூடவே செய்தித் தடையையும் நீக்க வேண்டும். பேச வேண்டியதைப் பேச விடாமல் பணத்தை மட்டும் கொடுத்தால், அரசுத் திட்டங்களுக்கான இன்னொரு விளம்பரப் பலகைதான் மிஞ்சும்.

இதற்குப் புதிய ஆணையமோ புதிய ஆய்வோ தேவையில்லை. வான அலை மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த நிதியத்தை ஒரு தனிநபர் மசோதாவாகவாவது அவைக்குக் கொண்டுவர வேண்டும். தங்கள் ஊரில் சமுதாய வானொலி இருக்கும் வாசகர்கள், அடுத்த முறை வாக்கு கேட்டு வருபவரிடம் இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.